பிரேக் நன்று

என் தம்பியை பஸ் ஒரு தடவைதான் அடித்தது. என்னை இரண்டு தடவை அடித்தது. முதல் தடவை நான் தம்பி விழுந்த மாதிரி விழவில்லையாம். பஸ்ஸைப் பின்னால் எடுக்கச் சொல்லி, மறுபடி அடிக்க வைத்தார்கள். அதில் என் இடது கால் முழங்காலுக்குக் கீழே கூழாகிப் போயிற்று. ஆனால் பாருங்கள், தம்பி சாகும்போது அவனுக்கு நசுங்கியிருந்தது வலது கால். "விபத்து ஒத்துப்போகவில்லை" என்று எழுதி என் மனுவைத் தள்ளிவிட்டார்கள். நான் விடுவேனா? மேல்முறையீடு போட்டேன். ஆறு வருடமாக அந்த ஆபீஸ் தாழ்வாரத்தில், ஜன்னலோரப் பெஞ்சில், கட்டைக்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அங்கே எனக்குப் பெயர் பழைய கேஸ்.

ஆபீஸின் முழுப்பெயர் சாலை மரண இழப்பீட்டுத் துறை. வாசலில் அந்தப் பலகையை எழுதியதே நான்தான். பலகை எழுதுவது என் தொழில். மனுதாரர்களுக்கு என்னென்ன வேலை தெரியும் என்று கேட்டுப் பதிவேட்டில் குறித்துவைத்துக்கொண்டு, அந்த வேலையை ஓசியில் வாங்கிக்கொள்வது அந்தத் துறையின் வழக்கம். அப்பாவைப் பறிகொடுத்த கொத்தனார் கக்கூஸ் சுவர் பூசினார். அக்காவைப் பறிகொடுத்த தையல்காரர் தலைவருக்குக் கோட்டு தைத்தார். அந்தக் கோட்டு பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

துறையின் பெருமை எதில் இருக்கிறது என்றால், மறுநிகழ்த்தலில். வேறு இடத்தில் சாட்சி கேட்பார்கள், படம் கேட்பார்கள். இங்கே விபத்தையே கேட்பார்கள். செத்தவர் இடத்தில் ரத்த உறவுக்காரர் ஒருவர் நிற்க வேண்டும். அடித்த அதே வண்டி வந்து அடிக்க வேண்டும். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து, அறிக்கையில் எழுதியபடி நடக்கிறதா என்று பார்ப்பார். என் பக்கத்தில் ஒரு சலவைக்காரரின் மனைவி உட்கார்ந்திருப்பாள். அவளுடைய மாமனார் வேன் மோதிச் செத்தவர். மாமனார் இடத்தில் புருஷன் நின்றான், அவனும் செத்தான். இப்போது புருஷனுக்கும் சேர்த்து மனு போட்டிருக்கிறாள். புருஷன் இடத்தில் நிற்பதற்குக் கொழுந்தனைக் கூட்டிவரச் சொன்னார்கள். அவன் கம்பி நீட்டிவிட்டான். இதற்குத் துறை எழுதிய குறிப்பு: "குடும்பத்தாரின் ஒத்துழைப்பு போதவில்லை."

இந்த லட்சணத்தில்தான் ஒரு நாள் பூட்டுக்காரனும் அவன் மாமியாரும் வந்து சேர்ந்தார்கள்.

பூட்டு ரிப்பேர் செய்கிறவன், சாவி போடுகிறவன். இடுப்பில் ஒரு வளையம் நிறையச் சாவிக்கட்டு. நடந்தால் ஆள் வருவதற்கு முன்னால் சத்தம் வரும். மாமியார் அறுபதை நெருங்கியவர், கையில் காய்கறிப் பை, பைக்குள் காகிதக்கட்டு. செத்தது அவர் மகள், இவன் பெண்டாட்டி. சைக்கிளில் முட்டை அட்டைகளைக் கட்டிக்கொண்டு பேக்கரிகளுக்குப் போட்டுவந்தவள். ஒரு காலை, சரிவான தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது, பின்னாலிருந்து வந்த லாரி அவளைச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. அடையாளம் காட்டப் போன இவனால் அவளுடைய கைவளையலைத்தான் அடையாளம் காட்ட முடிந்ததாம்.

பூட்டுக்காரன் அறிக்கையை என்னிடம் நீட்டினான். மூன்றே வரி.

"லாரியின் பிரேக் நன்று. லாரி உரிய இடத்தில் நின்றுவிட்டது. நின்ற லாரியில் இறந்தவர் தாமாக வந்து மோதிக்கொண்டார்; தவறு இறந்தவர் மீது."

"அண்ணே, பணம் கெடக்கட்டும். இந்த மூணாவது வரிய எந்த ரூம்ல அழிப்பாங்க?" என்றான்.

"என்னப்பா, எல்லாரும் பணத்துக்கு வர்றாங்க, நீ வரிக்கு வந்திருக்க?"

"தெருவுல எல்லாரும் கேக்கறாங்கண்ணே. தானா போய் விழுந்தாளாமே, வீட்ல ஏதாச்சும் சண்டையான்னு. காயிதத்துலயே இருக்குதேங்கறாங்க. எல்லாரும் கேட்டாங்க, சரி. ஒரு நாள் இவங்களும் கேட்டாங்க."

மாமியார் சுவரைப் பார்த்தார்.

"கேட்டேன். பெத்த வயிறு, கேட்டுட்டேன்," என்றார். "அன்னிக்கு எந்திரிச்சுப் போன மாப்பிள்ளை ரெண்டு நாள் வீட்டுக்கு வரல. அப்புறம் நானே யோசிச்சேன். ஒரு முட்டையில கீறல் விழாம நாப்பது கடைக்குக் கொண்டு போனவ, அவ போயி லாரியில முட்டிக்குவாளா? இந்த வரிய எழுதினவன் யாருன்னு எனக்குப் பாக்கணும்."

எழுதினவர் மாடியில் இருந்தார். பிரேக் பரிசோதகர். நான் கட்டைக்காலோடு ஏறி வழிகாட்டினேன். உயரமான, வாட்டசாட்டமான ஆள். ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டுக் காதைக் குடைந்துகொண்டிருந்தார். ஜன்னலுக்குக் கீழே மைதானம் தெரிந்தது. மைதானத்தின் மேட்டுப் பக்கம் வரிசையாகப் பிடிபட்ட வண்டிகள். அந்த லாரியும் அதில் நின்றது.

"சார், பிரேக் நல்லா இருக்குன்னு எப்படிப் பாத்தீங்க?" என்றான் பூட்டுக்காரன்.

"கண்ணாலதான்," என்றார் அவர். "இங்கேருந்தே தெரியுதே. வண்டி நிக்குதா?"

"நிக்குது."

"சரிவுல நிக்குதா?"

"ஆமா."

"பிரேக் இல்லாட்டி எப்படிப்பா நிக்கும்? இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். இங்க கொண்டுவந்த வண்டி ஒண்ணுகூட நிக்காம போனதில்ல. எல்லாத்துக்கும் 'நன்று'தான்."

மாமியார் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "சார், சக்கரத்துக்கு அடியில ரெண்டு கல்லு வச்சிருக்குது. கல்லுனாலதான் நிக்குது."

"கல்லுக்கெல்லாம் நான் சான்று தர முடியாதும்மா," என்றார் பரிசோதகர் வருத்தமாக. "என் பிரிவு பிரேக் மட்டும். வரிய மாத்தணும்னா மறுநிகழ்த்தலுக்கு எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வருடம் ஆயிற்று. ஏனென்றால் லாரிச் சாவி ஆபீஸ் பீரோவுக்குள் இருந்தது. பீரோச் சாவியை யாரோ லாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். கோப்பில் மாதாமாதம் "சாவி வரவேண்டியுள்ளது" என்று ஒரு வரி ஏறியது. சாவி போடுகிறவன் எங்களோடு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். ஆனால் பதிவேட்டில் அவன் பெண்டாட்டியின் தொழிலை இவன் பெயருக்கு நேரே எழுதிவிட்டதால், துறைக்கு அவன் முட்டை வியாபாரி. "நான் பூட்டுக்காரன் சார், பூட்டுக்காரன் சார்" என்று அவன் இடுப்பைக் குலுக்கிக் காட்டிப் பார்த்தான். பதிவேட்டைத் திருத்த வேறு மனு வேண்டுமென்றார்கள். மூன்று வருடமும் பாவி கடையில் விலைக்கு வாங்கி, துறைக்கு முட்டை கொண்டுவந்து கொடுத்தான்.

கடைசியில் தலைவரின் மேசை டிராயர் மாட்டிக்கொண்டது. உள்ளே அவருடைய சாப்பாட்டு டப்பா. ஆபீஸே அல்லோலகல்லோலப்பட்டது. பூட்டுக்காரன் ஒரு கம்பியை விட்டு அரை நிமிடத்தில் திறந்தான். அன்றைக்கே பீரோவைத் திறக்கச் சொன்னார்கள், லாரிச் சாவி வெளியே வந்தது, தேதியும் கிடைத்தது.

முதலில் அளவு அறை. செத்தவளின் அளவுக்கு ஆள் இருக்க வேண்டும் அல்லவா? அளவுக்காரி டேப்பைப் பிடித்தாள். மாமியார் மகளைவிட ரெண்டு விரல் உயரம்.

"பரவால்ல, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்," என்றாள் அளவுக்காரி. "மோதும்போது கொஞ்சம் குனிஞ்சுக்கங்க. மண்டை சரியா பம்பர் மட்டத்துக்கு வரணும்."

"நான் எதுக்கும்மா மோதணும்? லாரிதானே வந்து மோதும்?"

"அறிக்கைய நீங்க படிக்கலையா? லாரி வந்து கோட்டுல நின்னுடும். நின்ன லாரியில நீங்கதான் ஓடி வந்து மோதணும். அப்பதான் அறிக்கையோட ஒத்துப்போகும்."

"எவ்வளவு வேகமா மோதணும்?"

அளவுக்காரி கோப்பைப் புரட்டினாள். நல்ல பெண், மரியாதையாகத்தான் சொன்னாள். "சாகற அளவுக்கு."

அடுத்தது டிரைவர் பிரச்சினை. லாரி டிரைவர் எப்போதோ தலைமறைவு. டிரைவர் இல்லாவிட்டால் மனுதாரரே ஓட்டலாம் என்று விதி இருக்கிறதாம். செயலாளர் பூட்டுக்காரனைக் கூப்பிட்டார். செயலாளர் குள்ளமும் இல்லை, உயரமும் இல்லை. குரல் மட்டும் எப்போதும் உயரம்.

"லைசென்ஸ் இருக்கா?"

"மொபெட்டுக்கு இருக்குங்க சார்."

"அதுவும் சக்கரம் உள்ளதுதானே? ஓட்டு."

"சார், என் மாமியார் முன்னாடி நிக்கறப்ப நான் எப்படி சார் லாரிய..."

"நீ கோட்டுல நிறுத்தப்போற. அவங்க வந்து மோதப்போறாங்க. உனக்கு இதுல என்னப்பா சம்பந்தம்?"

அந்தக் கோட்டை எழுதியது நான். மைதானத்தின் குறுக்கே வெள்ளைப் பெயிண்டில் முழ அகலத்துக்குக் கோடு. அதன் மேல் "லாரி இங்கே நிற்கும்" என்று கொட்டை எழுத்து. கோட்டுக்கு அந்தப்புறம் பத்தடி தள்ளி, சுவரை ஒட்டி, தலைவருக்கு மேசை, நாற்காலி. அவ்வளவு பக்கத்தில் எதற்கு என்று கேட்டேன். மண்டை உடையும் சத்தத்தைத் தலைவர் காதால் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும், அது விதி என்றார் செயலாளர். அதைக் கேட்ட பிறகும் கோணலில்லாமல் எழுதிக் கொடுத்தேன். தொழில் அப்படி.

அந்த நாளும் வந்தது. மனுதாரர்கள் நாங்கள் நாற்பது பேர் வலது பக்கக் கயிற்றுக்குப் பின்னால் நின்றோம். மற்றவர்கள் விபத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது துறையின் கொள்கை. இடது பக்கம் மாமியார், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு. ஆறு அட்டை முட்டை கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். நாலு அட்டை தலைவரின் காரில் ஏறியது. ரெண்டு அட்டையைத்தான் சைக்கிளில் கட்டினார்கள்.

தையல்காரர் தைத்த புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு தலைவர் எழுந்து நின்று பேசினார். நல்ல ஆகிருதி, நல்ல குரல். குறையே சொல்ல முடியாது.

"துக்கத்துல இருக்கறவங்க பொய் சொல்லுவாங்க. அது அவங்க தப்பில்ல, துக்கத்தோட தப்பு. அதனாலதான் நாங்க வார்த்தைய நம்பறதில்ல, எலும்ப நம்பறோம். இந்தத் துறை ஆரம்பிச்ச நாள்லேருந்து சரியா விசாரிக்காம ஒரு மனுவக்கூட ஏத்துக்கிட்டதில்ல. சொல்லப்போனா, ஒரு மனுவக்கூட ஏத்துக்கிட்டதே இல்ல. அவ்வளவு கவனம்! போன வருஷம் மட்டும் இந்த மைதானத்துல பதினோரு பேர் செத்திருக்காங்க. அதுல ஒருத்தர்கூட சரியான எடத்துல சாகல. இதுலேருந்து என்ன தெரியுது? மக்களுக்குப் பயிற்சி பத்தல. எங்களுக்கு இருக்கற பொறுமை உங்களுக்கும் வரணும்."

கைதட்டினோம். தட்டாதவர்களின் பெயரைச் செயலாளர் குறித்துக்கொள்வார். சலவைக்காரரின் மனைவி எல்லாரையும்விட ஓங்கித் தட்டினாள். அவளுக்கு ரெண்டு கேஸ்.

மேட்டில் பூட்டுக்காரன் லாரியை ஸ்டார்ட் செய்தான். கரும்புகை கிளம்பியது. பிறகு ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினான்.

"சார்! பிரேக்க மிதிச்சா அடிப்பலகை வரைக்கும் போகுது சார்! ஒண்ணுமே பிடிக்கல!"

செயலாளர் ஒலிபெருக்கியில் பதில் சொன்னார். "அதை மனுவா எழுதிக் குடு."

"பேனா இல்ல சார்!"

"ஒரு பேனா குடுத்தனுப்பறோம்."

பியூன் பேனாவோடு மேட்டுக்கு ஓடினான். நியாயமாகப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் அதே பியூனுக்குத்தான் கல்லை எடுக்கும் வேலையும். ஒரே நடையில் ரெண்டு வேலையை முடித்துவிடலாம் என்று நினைத்துவிட்டான். பேனாவை ஜன்னல் வழியாகக் கொடுத்தான், குனிந்தான், ரெண்டு கல்லையும் இழுத்துப் போட்டான்.

லாரி முதலில் யோசித்தது. பிறகு இறங்க ஆரம்பித்தது.

பூட்டுக்காரன் ஸ்டீயரிங்கைப் பிடித்து எழுந்து நின்று ரெண்டு காலாலும் பிரேக்கை மிதித்தது எங்களுக்குத் தெரிந்தது. கை பிரேக்கை இழுத்தான். கம்பி கையோடு வந்துவிட்டது. அதை வெளியே ஆட்டிக் காட்டி, "தள்ளுங்க! தள்ளுங்க! பிரேக் இல்ல!" என்று அலறினான். இடது பக்கம் மாமியார். வலது பக்கம் நாங்கள் நாற்பது பேர். நேரே தலைவர். அவன் ஸ்டீயரிங்கை அசைக்கவில்லை. நேரே பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான்.

செயலாளர் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு எகிறிக் குதித்தார். தலைவர் அசையவில்லை. "உக்காருய்யா, ஏன் பயப்படற? சான்றிதழ் இருக்கில்ல?" என்றார். மேசை மேலிருந்த காகிதத்தை எடுத்து, "பிரேக் நன்று" என்று எங்களைப் பார்த்துச் சத்தமாகவே வாசித்தார். லாரி என் கோட்டைத் தாண்டியது. மேசை, நாற்காலி, தலைவர், சுவர் என்ற வரிசையில் போய், அங்கேதான் நின்றது.

மண்டை உடையும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கையெழுத்துப் போடத்தான் ஆளில்லை. லாரிக்கும் சுவருக்கும் நடுவில் தலைவரின் கோட்டுக் கை ஒன்று மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது என் வெள்ளை எழுத்து வரைக்கும் ஓடி வந்தது. தையல்காரர் முணுமுணுத்தார்: "தையல் பிரியல பாருங்க." பியூன் வாந்தி எடுத்தான். சைக்கிளிலிருந்த ரெண்டு அட்டையில் ஒரு முட்டைகூட உடையவில்லை.

பூட்டுக்காரன் லாரிப் படியில் வந்து உட்கார்ந்தான். நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. மாமியார் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு ஓடினார்.

"அத்தை, பிரேக் இல்ல," என்றான். "ரெண்டு காலாலயும் மிதிச்சேன். பிரேக்கே இல்ல அத்தை. அன்னிக்கும் இருந்திருக்காது. அவ மேல தப்பில்ல."

மாமியார் முந்தானையால் அவன் நெற்றியை அழுத்திப் பிடித்தார். "தெரியும் மாப்பிள்ளை. எனக்குத் தெரியும். அழாதீங்க," என்று சொல்லிவிட்டு அவரே ஓவென்று அழுதார். கயிற்றுக்குப் பின்னால் நாங்களும் அழுதோம். அந்த மைதானத்தில் அதற்கு முன்னால் யாரும் அழுது நான் பார்த்ததில்லை; அழுதால் மார்க் குறைப்பார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது.

போலீஸ் வந்தது. துறையே நடத்திய விபத்து, எங்கள் எல்லைக்குள் வராது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

மறுவாரமே செயலாளர் தலைவரானார். பழைய தலைவரின் மனைவி மனுவோடு வந்தார். எங்களைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டே நேரே உள்ளே போனார். கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

"அறிக்கை தயாரா இருக்கும்மா," என்றார் புதுத் தலைவர். "லாரியின் பிரேக் நன்று. லாரி உரிய இடத்துல நின்னுடுச்சு. நின்ன லாரியில உங்க வீட்டுக்காரர் தாமாக வந்து மோதிக்கிட்டாரு."

"தானாவா? அவர் நாற்காலியில உக்காந்துட்டு இருந்தாருங்க!"

"நாற்காலியோட வந்து மோதிக்கிட்டாரு. மேசையையும் எடுத்துக்கிட்டுத்தான் வந்திருக்காரு. வேலையில அவ்வளவு ஆர்வம் அவருக்கு. தவறு இறந்தவர் மீது."

"நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"நான் குதிச்சிட்டேன். அதனால பாக்கல."

அந்த அம்மா வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. உட்கார இடம் தேடினார். எங்கள் பெஞ்சில் இடமில்லை. மாமியார் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"உக்காரும்மா. கொஞ்ச நேரத்துல அளவெடுக்கக் கூப்பிடுவாங்க."

"அவர் சும்மா உக்காந்துதானே இருந்தாரு?" என்றார் அந்த அம்மா. யாரைக் கேட்கிறார் என்றே அவருக்குத் தெரியவில்லை.

"என் பொண்ணும் சும்மா நடந்துதான் போனா," என்றார் மாமியார்.

பூட்டுக்காரன் எழுந்து அவர் எதிரில் கைகட்டி நின்றான். "நான்தாம்மா ஓட்டினேன். ரெண்டு காலாலயும் மிதிச்சேன். திருப்பியிருந்தா நாப்பது பேர் மேல ஏறியிருக்கும். என்னை என்ன வேணா சொல்லுங்க."

அந்த அம்மா அவன் நெற்றித் தையலை வெகுநேரம் பார்த்தார். மாமியார் தன் பையிலிருந்து அந்த மூன்று வரிக் காகிதத்தை எடுத்து அவர் மடியில் வைத்தார். அவர் கையிலும் ஒரு காகிதம். ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். ஆள் பெயரைத் தவிர எழுத்துக்கூட மாறவில்லை.

அளவு நாளன்று ஒரு சிக்கல். பழைய தலைவருக்குப் பிள்ளை இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. ரத்த உறவு இல்லாவிட்டால், துறையிலேயே இறந்தவருக்கு ஒத்த உடம்புக்காரர் ஒருவர் அவர் இடத்தில் இருக்க வேண்டும் என்று விதி. விதியை எழுதினவர் பழைய தலைவரேதான். அளவுக்காரி டேப்பை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனாள். மாடியில் பிரேக் பரிசோதகரிடம் வந்ததும், "அப்படியே அச்சு சார் நீங்க! கோட்டுகூட உங்களுக்குச் சரியா இருக்கும்," என்றாள் சந்தோஷமாக.

தாழ்வாரத்துக்கு இறங்கி வரும்போது பரிசோதகருக்குச் சட்டை நனைந்திருந்தது. புதுத் தலைவர் ஆறுதலாக முதுகில் தட்டினார்.

"எதுக்குய்யா வேர்க்குது? லாரி கோட்டுல நின்னுடும். நீதானே எழுதியிருக்க? அதே லாரி, அதே டிரைவர்."

பூட்டுக்காரன் சாவியோடு எழுந்து நின்றான். "நான் தயாரா இருக்கேன் சார். நீங்க நன்றுன்னு எழுதினா நான் ஓட்டறேன். இப்பவே வேணாலும் ஓட்டறேன்."

மாமியார் ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து பரிசோதகர் எதிரில் போட்டார். "இதுல உக்காந்து பழகிக்கங்க சார். பயிற்சி பத்தலன்னுதானே உங்காளுங்க சொல்றீங்க?"

பரிசோதகர் நாற்காலியைப் பார்த்தார். ஜன்னல் வழியாக மேட்டைப் பார்த்தார். லாரி மறுபடி அங்கே நின்றது, சக்கரத்துக்கு அடியில் ரெண்டு கல்லோடு. நாங்கள் நாற்பது பேரும் அவரைப் பார்த்தோம்.

"கல்லு... கல்லுனாலதான் நிக்குது," என்றார்.

"கல்லு உன் பிரிவு இல்லையேய்யா!" என்று புதுத் தலைவர் சீறினார்.

"யோவ், பிரேக் இல்லய்யா அதுல! ஒரு நாள் ராத்திரிகூட நான் நிம்மதியா தூங்கல. எட்டிப் பாக்காம எழுதிட்டேன். குடுங்க அந்தக் கோப்ப!"

கோப்பைப் பிடுங்கி, சுவரில் வைத்தே எழுதினார். "லாரியில் பிரேக் இல்லை. முதல் விபத்தன்றும் இருந்ததற்கு அடையாளம் இல்லை. இரண்டு தடவையும் லாரிதான் வந்து மோதியது. தவறு இறந்தவர்கள் மீது இல்லை." கையெழுத்துப் போட்டார். கையெழுத்து ஆடியது, ஆனால் இருந்தது.

தலைவரின் ஒப்பம் வேண்டும். புதுத் தலைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் போட மாட்டேன். மறுநிகழ்த்தல் நடந்தே தீரும். இவன் உக்கார மாட்டான்னா வேற ஆள் பாருங்க."

அளவுக்காரி கடமை தவறாதவள். டேப்பை அவர் தலைமேல் வைத்தாள். "அவரைவிட ரெண்டு விரல் கம்மி சார் நீங்க."

"பரவால்ல," என்றார் மாமியார். "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

புதுத் தலைவரின் ஒப்பம் பரிசோதகருடையதைவிட வேகமாக விழுந்தது.

காகிதம் பூட்டுக்காரன் கைக்கு வந்தது. அவன் படிக்கவில்லை, மாமியாரிடம் கொடுத்தான். அவர் எழுத்துக் கூட்டிப் படிப்பவர். விரலை வைத்து, கடைசி வரியை மட்டும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். தாழ்வாரமே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. படித்து முடித்துக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மருமகன் பக்கம் திரும்பி, "அன்னிக்கு நான் கேட்டிருக்கக் கூடாது மாப்பிள்ளை," என்றார். அவன் தலையை ஆட்டினான். பிறகு அவர் பரிசோதகர் எதிரில் போய் நின்றார்.

"சார், இத எழுத எவ்வளவு நேரம் ஆச்சு உங்களுக்கு?"

"ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்மா."

"மூணு வருஷம்," என்றார் மாமியார். விட்டார் ஒரு அறை.

அப்படி ஒரு சத்தத்தை அந்தத் தாழ்வாரம் கேட்டதில்லை. பரிசோதகர் ஒரு சுற்றுச் சுற்றி அதே நாற்காலியில் உட்கார்ந்தார். உதடு கிழிந்து, ஒரு பல் தரையில் துள்ளி என் கட்டைக்காலில் பட்டு நின்றது. அஞ்சு விரலும் கன்னத்தில் எழுதி வைத்த மாதிரி இருந்தன. நானே எழுதியிருந்தாலும் அவ்வளவு திருத்தமாக வந்திருக்காது.

புதுத் தலைவருக்கு உயிர் வந்துவிட்டது. "அரசு ஊழியர் மேல கைய வச்சிட்டீங்க! எல்லாரும் பாத்தீங்கல்ல? யாரு சாட்சி? எழுதுங்கய்யா! எப்படி அடிச்சாங்க, சொல்லுங்க!"

பெஞ்சில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பழைய தலைவரின் மனைவி மட்டும் எழுந்தார். ஒரே மாதிரி இருந்த அந்தப் பழைய அறிக்கைகள் ரெண்டையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மாமியாரின் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் பாத்தேன், எழுதிக்கங்க," என்றார். "அக்கா அடிக்கல. அக்கா கை சும்மாதான் நின்னுட்டு இருந்துச்சு. இவரு கன்னந்தான் தானா வந்து மோதிக்கிச்சு."